ஆற்றுச் சரளையில் கிடைக்கும் எலும்புகள்: எந்த விலங்கு, எந்தக் காலம்?

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதும் பெருமழைக்குப் பின் கரை சரியும்போதும் ஆற்றங்கரைகளில் பெரிய எலும்புகள் வெளிப்படுகின்றன. அவை டைனோசர் என்றும், மம்மூத் என்றும், பழங்கால அரக்கனின் தொடை என்றும் செய்திகள் பரவுகின்றன. சில நாள்கள் கழித்து அது யானை எலும்பு என்றோ, ஆய்வு நடக்கிறது என்றோ ஒரு வரி வரும். அத்துடன் பேச்சு அடங்கிவிடும். இடையில் ஆய்வாளர்கள் எதைப் பார்த்தார்கள், எதை வைத்து முடிவுக்கு வந்தார்கள், அந்த முடிவு எவ்வளவு உறுதியானது என்பதெல்லாம் வாசகருக்கு எட்டுவதே இல்லை.

அடையாளம் காணும் பணி ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஐந்து கேள்விகளால் ஆனது. இது எலும்புதானா? பழையதா, அண்மைக்காலத்ததா? உடலின் எந்தப் பகுதி? எந்த விலங்கு? எந்தக் காலம்? முதல் நான்குக்கும் விடை பெரும்பாலும் எலும்பிலேயே இருக்கிறது. ஐந்தாவதற்கான விடை எலும்பு புதைந்து கிடந்த மண்ணில் இருக்கிறது. ஆற்றுநீரில் உருண்டு வந்த எலும்பு அந்த மண்ணை விட்டுப் பிரிந்தபின் நம் கைக்கு வருவதால், அதன் பெயரைச் சொல்ல முடிந்த பின்னும் வயதைச் சொல்ல முடியாமல் போகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால்தான் செய்திகளில் பெரும்பாலான குழப்பங்கள் நேர்கின்றன.

நர்மதை தரும் பாடம்

இந்தியாவில் ஆற்றுப் படிவுகளிலிருந்து பாலூட்டிகளின் புதைபடிவங்கள் மிகுதியாகக் கிடைத்துள்ள இடங்களுள் முதன்மையானது மத்தியப் பிரதேசத்தில் உள்ள நடு நர்மதைப் பள்ளத்தாக்கு. அமர்கண்டக்கில் தோன்றி மேற்கு நோக்கி ஏறத்தாழ 1,312 கிலோமீட்டர் ஓடிக் காம்பாத் வளைகுடாவில் கலக்கும் நர்மதை, விந்திய மலைக்கும் சாத்பூரா மலைக்கும் இடைப்பட்ட பிளவுப் பள்ளத்தாக்கின் வழியே செல்கிறது. ஜபல்பூரைக் கடந்ததும் பள்ளத்தாக்கு அகல்கிறது. அங்கிருந்து நர்சிங்பூர், ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) பகுதிகள் வரை சரளையும் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இவற்றுள் பெரும்பகுதி பிளைஸ்டோசீன் காலத்தைச் சேர்ந்தது. சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த, பனியுகங்கள் மாறி மாறி வந்த காலம் அது.

இங்கே எலும்பு சேகரிப்பது 1830களிலேயே தொடங்கிவிட்டது. கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு அனுப்பப்பட்ட எலும்புகள் பின்னர் தொல்லுயிரியலாளர் ஹியூ ஃபால்கனர் போன்றோரின் ஆய்வுக்கு வந்தன. இவ்வாறு நர்மதையின் பெயரையே தாங்கிய இனங்கள் பல அறிவியலுக்கு அறிமுகமாயின. நேர்த்தந்தம் கொண்ட பெரும் யானையான பாலியோலாக்சோடான் நமாடிகஸ், காட்டு மாடான போஸ் நமாடிகஸ், குதிரையான ஈக்வஸ் நமாடிகஸ் ஆகியவை அவற்றுள் சில. அவற்றுடன் ஸ்டெகொடான் என்னும் அழிந்துபோன யானை உறவினம், நீர்யானை, எருமை, மான், பன்றி, முதலை, ஆமை ஆகியவற்றின் எலும்புகளும் கிடைத்துள்ளன. நீர்யானையை இன்று ஆப்பிரிக்க விலங்காகவே அறிவோம். ஆனால் பிளைஸ்டோசீனில் நர்மதையிலும் கோதாவரியிலும் அது வாழ்ந்தது. இன்றைய விலங்குகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு எலும்பைப் பார்ப்பவர் அதனால்தான் தவறிவிடுகிறார்.

எதிர்ப்புறத் தவறும் உண்டு. கம்பளி மம்மூத் குளிர்ப்புல்வெளிகளின் விலங்கு. அது தென்னிந்தியாவிலோ நர்மதைச் சமவெளியிலோ வாழ்ந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. பெரிய எலும்பு ஒன்று கிடைத்தவுடன் மம்மூத் என்று எழுதுவது இங்குள்ள பழைய யானைகளின் வரலாற்றையே மறைத்துவிடுகிறது. நர்மதைக்கு மிக அருகில், ஜபல்பூரில், டைனோசர் எலும்புகள் கிடைப்பது உண்மை. ஆயினும் அவை 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய லமேட்டா பாறைகளிலிருந்து வருபவை. ஒரே மாவட்டத்தில் கிடைப்பதால் இரண்டும் ஒரே காலத்தவை ஆகிவிடா.

ஆறு எலும்பை என்ன செய்கிறது?

இறந்த விலங்கின் எலும்பு ஆற்றுக்குள் வந்தவுடன் நீரோட்டம் அதைப் பிரித்துப் போடத் தொடங்குகிறது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் மைக்கேல் வூர்ஹீஸ் 1969இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை நீரோடையில் எலும்புகளை இட்டு எவை முதலில் நகர்கின்றன என்று பார்த்தார். விலா எலும்புகளும் முள்ளெலும்புகளும் விரைவில் அடித்துச் செல்லப்பட்டன. கால்களின் நீண்ட எலும்புகள் மெல்ல உருண்டன. மண்டையோடும் கீழ்த்தாடையும் கடைசிவரை தங்கின. எனவே ஒரு சரளைப் படுகையில் தாடைகளும் பற்களும் மட்டும் குவிந்து, விலா எலும்புகள் இல்லாமல் இருந்தால், அங்கே நீரோட்டம் வடிகட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று கொள்ளலாம். அங்கே பல விலங்குகள் ஒரே நாளில் மடிந்தன என்று கதை கட்டுவதற்கு அந்தக் குவியல் இடம் தராது.

எலும்பின் மேற்பரப்பு இன்னொரு வரலாற்றைச் சொல்கிறது. வெயிலில் கிடந்த எலும்பு நீளவாக்கில் வெடித்துப் பட்டை பட்டையாக உரியும். கென்யாவின் அம்போசெலியில் ஆய்வு செய்த கே பெரென்ஸ்மேயர் 1978இல் இந்தச் சிதைவை 0 முதல் 5 வரையிலான ஆறு நிலைகளாக வகுத்தார். இன்றும் அந்த அளவுகோலே பயன்படுகிறது. நீரில் உருண்ட எலும்போ விளிம்புகள் மழுங்கி வழவழப்பாகும். விளிம்பு கூராக, மூட்டுப் பரப்பு தேயாமல் இருக்கும் எலும்பு தொலைவிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதன் மூலப் படிவு அருகிலுள்ள கரையிலேயே இருக்கக்கூடும் என்பதால், ஆய்வாளரின் கண் உடனே கரைப்பக்கம் திரும்புகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மறுபடிவு. இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் புதைந்த எலும்பை ஆறு ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அரித்தெடுத்துப் புதிய சரளையில் சேர்த்திருக்கலாம். அந்தச் சரளையைச் சென்ற ஆண்டு வெள்ளம் கலைத்து, அதனுடன் நேற்று இறந்த மாட்டின் தாடையையும் கலந்திருக்கலாம். ஒரே கைப்பிடிச் சரளையில் கிடைப்பவை ஒரே காலத்தவை என்ற அனுமானம் ஆற்றில் செல்லாது.

முதல் இரண்டு கேள்விகள்: எலும்பா, பழையதா?

நம் ஆற்றுப் படுகைகளில் எலும்பென்று பெரும்பாலும் ஏமாற்றுவது சுக்கான்கல். மண்ணுக்குள் சுண்ணாம்பு திரண்டு உருவாகும் இந்தக் கட்டிகள் முண்டும் முடிச்சுமாக, சில சமயம் மூட்டெலும்பைப் போலவே தோன்றும். உடைந்த பரப்பைப் பார்த்தால் ஐயம் தீரும். எலும்பின் வெளிப்புறம் அடர்ந்த சுவராகவும், உட்புறம் நுண்ணறைகள் நிறைந்த பஞ்சுப்பகுதியாகவும் இருக்கும். சுக்கான்கல்லில் இந்த அமைப்பு இல்லை.

எலும்புதான் என்று தெரிந்தபின் அது பழையதா என்று பார்க்க வேண்டும். இங்கே வழங்கும் சோதனைகளும் அவற்றின் எல்லைகளும்:

1. நிறம். கருத்த எலும்பு பழையது என்பது பரவலான நம்பிக்கை, நம்பத்தகாதது. இரும்பும் மாங்கனீசும் உள்ள நீரில் அண்மைக்கால எலும்பும் கருத்துவிடும்.

2. எடை. நுண்ணறைகளில் கனிமங்கள் படிவதால் புதைபடிவம் கனக்கும், தட்டினால் கல்லைப்போல் ஒலிக்கும். நர்மதைச் சரளையின் எலும்புகளில் இதைத் தெளிவாக உணரலாம். ஆனால் பழைய எலும்புகள் எல்லாமே கனிமமேறுவதில்லை. களிமண்ணில் கிடந்தவை எடை கூடாமலும் இருக்கும்.

3. நாக்கில் ஒட்டுதல். பழைய எலும்பு ஈர நாக்கில் ஒட்டும் என்பார்கள். நுண்துளை உள்ள எதுவும் ஒட்டும். உலர்ந்த சுக்கான்கல்லும் ஒட்டும். ஆற்றங்கரையில் கிடந்த எலும்பை வாயில் வைப்பது உடல்நலத்துக்கும் கேடு.

4. சூடான ஊசி. அண்மைக்கால எலும்பில் கொலாஜன் என்னும் புரதம் இருப்பதால் சுட்டால் மயிர் பொசுங்கும் நாற்றம் எழும். புரதம் சிதைந்துபோன புதைபடிவத்தில் எழாது. ஓரளவு நம்பகமான சோதனைதான். எனினும் எலும்பைச் சேதப்படுத்துவதால் ஆய்வுக்கூடத்தில், உடைந்த சிறு துண்டில் மட்டுமே செய்யத் தக்கது.

இந்த நான்கும் சேர்ந்தாலும் ‘மிக அண்மையது அன்று’ என்பதற்கு மேல் சொல்ல இயலாது. எத்தனை ஆயிரம் ஆண்டு என்ற கேள்வியை இவை தொடுவதே இல்லை.

பாலூட்டியின் எலும்பு என்பதை எப்படி அறிவது?

பாலூட்டிகளின் கீழ்த்தாடை, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே எலும்பால் ஆனது. முதலைக்கும் பிற ஊர்வனவற்றுக்கும் பல எலும்புகள் சேர்ந்து தாடை அமையும். பாலூட்டிகளுக்கு வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று பற்கள் வேறுபடுகின்றன, கடைவாய்ப்பற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் இருக்கும். முதலையின் பற்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே கூம்பு வடிவம். மண்டையோட்டின் பின்புறத்தில் கழுத்தெலும்புடன் பொருந்தும் முண்டுகள் பாலூட்டிகளுக்கு இரண்டு, ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் ஒன்று. ஆமை ஓட்டின் துண்டுகள் தட்டையாக, பொருத்துவிளிம்புடன் இருப்பதால் மண்டையோட்டுச் சில்லு என்று தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. நர்மதையில் ஆமை ஓடுகள் கிடைப்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

உடலின் எந்தப் பகுதி?

நீண்ட எலும்புகளில் மூட்டுமுனைகள் இருந்தால்தான் பயன். இரு முனையும் உடைந்த தண்டுப்பகுதியை வைத்து விலங்கைச் சொல்வது பெரும்பாலும் ஊகமே. யானையின் தொடை எலும்பு நேராக, நீண்டு, உருண்ட தலையுடன் மனிதத் தொடை எலும்பை நினைவூட்டுவதால், உலகின் பல பகுதிகளில் அரக்கரின் எலும்பாகக் கருதப்பட்டது. வடிவம் ஒத்திருந்தாலும் முழங்கால் மூட்டின் பரப்பையும் எலும்புச் சுவரின் உட்புறத்தையும் பார்த்தால் பிரித்துவிடலாம்: யானையின் காலெலும்புகளில் மாட்டுக்கும் மனிதருக்கும் உள்ளதுபோல் வெற்றுக்குழாயான மஜ்ஜைக்குழி கிடையாது, உள்ளே பஞ்செலும்பு நிறைந்திருக்கும்.

ஆற்றுச் சரளையில் தப்பிப் பிழைக்கும் எலும்புகளுள் அடையாளத்துக்கு மிகவும் உதவுவது பின்னங்கால் கணுவில் உள்ள அஸ்ட்ரகலஸ். மூடிய கையளவுக்குச் சிறிய, அடர்ந்த, உருண்டாலும் எளிதில் உடையாத எலும்பு இது. இரட்டைக் குளம்புள்ள விலங்குகளான மாடு, மான், பன்றி, நீர்யானை ஆகியவற்றில் இதன் மேல்முனை, கீழ்முனை இரண்டிலுமே கப்பி போன்ற பள்ளம் இருக்கும். குதிரையிலும் காண்டாமிருகத்திலும் மேல்முனையில் மட்டுமே பள்ளம் உண்டு. கீழ்முனை ஏறத்தாழத் தட்டை. புலி, கழுதைப்புலி போன்ற ஊனுண்ணிகளில் கீழ்முனை குறுகிய கழுத்துடன் உருண்டு முடியும். இரட்டைப் பள்ளம் உள்ளவற்றிலும், மேலும் கீழும் உள்ள பள்ளங்கள் ஒரே கோட்டில் அமைந்தால் அது அசைபோடும் விலங்கு. ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்றால் பன்றி, நீர்யானைப் பக்கம் எண்ண வேண்டும். முழு எலும்புக்கூடு தேவையில்லை. பயின்ற ஒருவர் இந்த ஒரு துண்டைக் கையில் திருப்பிப் பார்த்துச் சில நிமிடங்களில் விலங்கின் வரிசையை, அதாவது அது இரட்டைக் குளம்புள்ளதா ஊனுண்ணியா என்பது போன்ற பெரும்பிரிவை, சொல்லிவிடுவார். பிறகு அளவு கேள்வியாகிறது: மானா, காட்டு மாடா என்பதை அளவுகோல் ஓரளவு பிரிக்கும்; மாடா, எருமையா என்பதைப் பெரும்பாலும் பிரிக்காது.

ஆறு கடலோடு சேரும் முகத்துவாரங்களில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவின் விலா எலும்புகள் நடுவில் வெற்றிடமின்றி முழுதும் அடர்ந்தவை. கையில் எடுத்தால் கல்லைப்போல் கனக்கும். ஆகவே எடையை மட்டும் நம்புவோர் அண்மையில் இறந்த ஆவுளியாவின் விலாவைப் புதைபடிவம் என்று எண்ணிவிடலாம்.

எந்த விலங்கு? பற்களே முதற்சான்று

உடலிலேயே மிகக் கடினமான பொருள் பற்சிப்பி. எலும்பு கரைந்து மறைந்த இடத்திலும் பல் எஞ்சும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு விலங்குக் குடும்பமும் தன் உணவுக்கேற்ற பல்லமைப்பைக் கொண்டிருப்பதால், தேய்ந்த பல்லின் மேற்பரப்பிலேயே அடையாளம் வரையப்பட்டிருக்கிறது. நர்மதையில் கிடைப்பவற்றை முன்வைத்துச் சொன்னால்:

1. யானையும் ஸ்டெகொடானும். யானையின் கடைவாய்ப்பல், பற்சிப்பியால் ஆன உயரமான தகடுகள் வரிசையாக நின்று, இடைவெளிகளைச் சிமெண்ட் என்னும் திசு நிரப்பியதால் அமைந்தது. தேய்ந்த பரப்பில் குறுக்குக் கோடுகளாக அந்தத் தகடுகள் தெரியும். ஸ்டெகொடானின் பல் உயரம் குறைந்தது. கூரை முகடு போன்ற வரம்புகள் கொண்டது. ஆகவே முழுப் பல் கிடைத்தால் இவ்விரண்டும் குழம்ப வாய்ப்பில்லை. குழப்பம் வருவது பல் உதிர்ந்து தனித் தகடுகளாகக் கிடைக்கும்போது. இன்னும் தேயாத தகட்டின் மேல்விளிம்பு விரல்கள் போன்ற முனைகளாகப் பிரிந்திருக்கும். கல்லாகிப்போன மனிதக் கை என்று அதைக் காட்டுவோர் உண்டு.

2. நீர்யானை. இதன் கடைவாய்ப்பல் நடுத்தரமாகத் தேயும்போது, பற்சிப்பிக் கோடு வில்வ இலையைப்போல் மூன்று மடல்களாகத் தோன்றும். இந்த உருவத்தை ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. பல்லின் பாதி கிடைத்தாலும் போதும். தந்தம் போன்ற கோரைப்பல்லின் வெளிப்புறம் நீளவாக்கில் வரிகள் ஓடும் பற்சிப்பியால் மூடியிருக்கும். யானைத் தந்தத்தில் அத்தகைய உறை இல்லை, அதன் குறுக்குவெட்டில் வலைபோல் வெட்டிக்கொள்ளும் கோடுகள் தெரியும். இந்திய நீர்யானைகள் ஹெக்சாபுரோட்டடான் என்னும் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைக்கப்படுகின்றன. கீழ்த்தாடையின் முன்புறத்தில் ஆறு வெட்டுப்பற்கள் இருப்பது அதன் அடையாளம். இன்றைய ஆப்பிரிக்க நீர்யானைக்கு நான்கு.

3. குதிரை. மேல்தாடைக் கடைவாய்ப்பல் ஏறத்தாழச் சதுரமான உயர்ந்த தூண். தேயாத நிலையில் ஏழு, எட்டு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். மேற்பரப்பில் பற்சிப்பி பல மடிப்புகளாக வளைந்து ஓடும். உட்புறத்தில் உள்ள புரோட்டோகோன் என்னும் மடிப்பு பல்லின் மற்றப் பகுதியுடன் இணைந்திருந்தால் ஈக்வஸ். தனித்தீவாக நின்றால் அதனினும் பழைய ஹிப்பாரியன் வகைக் குதிரை. ஒரே மடிப்பின் இணைப்பு பல லட்சம் ஆண்டு வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

4. மாடு, எருமை, மான். நர்மதைச் சரளையில் மிகுதியாகக் கிடைப்பவை இவையே. சிக்கலும் இங்கேதான் மிகுதி. இவற்றின் கடைவாய்ப்பல்லில் இரண்டு மடல்களாக நான்கு பிறைகள் இருக்கும். மாட்டின் கீழ்க் கடைவாய்ப்பல்லைக் கன்னப்பக்கமாகத் திருப்பினால், இரண்டு மடல்களுக்கும் இடையே மெல்லிய தூண் ஒன்று வேர்ப்பக்கத்திலிருந்து மேலே ஏறுவது தெரியும். பல் தேயத் தேய அந்தத் தூணின் தலையும் தேய்ந்து, மேற்பரப்பில் சிறு வளையமாகப் பதியும். மானின் பல்லில் அத்தூண் பெரும்பாலும் குட்டையானது. பல்லும் உயரம் குறைந்தது, பற்சிப்பி சுருக்கம் விழுந்தது. ஆனால் மாட்டுக்கும் எருமைக்கும் தூண் உண்டு. அவ்விரண்டையும் பிரிக்கக் கொம்பின் உள்ளெலும்பே உறுதியான சான்று: மாட்டில் அதன் குறுக்குவெட்டு வட்டம் அல்லது நீள்வட்டம், எருமையில் முக்கோணம். கொம்பு கிடைக்காத இடத்தில் ‘பெரிய மாட்டினம்’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை. போஸ் நமாடிகஸ் இன்றைய திமிலுள்ள நாட்டு மாடுகளின் காட்டு மூதாதையாகக் கருதப்படுவதால் இந்த வேறுபாடு நம் கால்நடை வரலாற்றையே தொடுகிறது. ஒரு பல்லை வைத்து அவசரப்பட இடமில்லை.

5. பன்றி. கடைவாய்ப்பல்லில் உருண்ட முகடுகள் நெருங்கி நிற்கும். கடைசிப் பல் நீண்டிருக்கும். முகடுகள் தேய்ந்தபின் இது மனிதப் பல்லைப்போல் தோன்றலாம்.

கடைசியாகச் சொன்ன ஒற்றுமைக்குப் பெரும் விலை கொடுத்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்னேக் க்ரீக் படிவுகளில் கிடைத்த ஒரு தேய்ந்த கடைவாய்ப்பல்லை, 1922இல் தொல்லுயிரியலாளர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் மனிதக்குரங்கு வகையைச் சேர்ந்தது என்று அறிவித்து ஹெஸ்பெரோபித்திகஸ் என்று பெயரிட்டார். அதே இடத்தில் மேலும் தோண்டியபோது கிடைத்தவை, அது பெக்கரி என்னும் பன்றியையொத்த விலங்கின் பல் என்று காட்டின; 1927இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. உலகின் தலைசிறந்த நிபுணர்களுள் ஒருவரே தேய்ந்த ஒற்றைப் பல்லில் தவறினார் என்றால், கைப்பேசிப் படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை வாசகரே மதிப்பிடலாம்.

எனவே ஆய்வறிக்கைகளில் பெயர்கள் படிநிலையோடு வருகின்றன. குடும்பம் மட்டும் உறுதியானால் குடும்பப் பெயர். பேரினம் உறுதியானால் பேரினப் பெயருடன் ‘இனம் தெரியவில்லை’ என்ற குறிப்பு. ஓர் இனத்தை ஒத்திருந்தும் ஐயம் இருந்தால் ‘ஒப்பிடுக’ என்ற குறி. செய்தியாகும்போது முதலில் காணாமல் போவது இந்தக் குறிப்புகளே. அடையாளம் தெரியவில்லை என்று எழுதப்பட்ட எலும்பு ஆய்வாளரின் தோல்வி அன்று. கிடைத்த சான்றின் அளவை அவர் மதித்ததன் பதிவு.

எந்தக் காலம்? ஹத்னோராவின் சிக்கல்

1982 டிசம்பர் 5 அன்று, சேஹோர் மாவட்டத்தில் நர்மதையின் வடகரையில் உள்ள ஹத்னோராவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அருண் சோனாக்கியா, சரளைப் படிவில் மனித இனத்தைச் சேர்ந்த மண்டையோட்டுப் பகுதி ஒன்றைக் கண்டெடுத்தார். முதலில் அழிந்துபோன தொன்மனித இனமான ஹோமோ எரெக்டஸ் என்றும், பின்னர் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் தொன்மையான வகை என்றும் அது வகைப்படுத்தப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தின் தொன்மனிதப் புதைபடிவங்களுள் மிகவும் பேசப்பட்டது அதுவே. அதன் வயது குறித்து மட்டும் ஒருமித்த முடிவு இல்லை; மதிப்பீடுகள் பல்லாயிரம் ஆண்டுகளிலிருந்து பல லட்சம் ஆண்டுகள்வரை விரிகின்றன. காரணம், மேலே சொன்ன மறுபடிவு. மண்டையோடு கிடந்த சரளையில் வெவ்வேறு காலத்து விலங்கெலும்புகள் கலந்திருக்கின்றன. அந்த விலங்குகளின் பற்களுக்குக் கிடைத்த வயதை இந்த மண்டையோட்டுக்கு ஏற்றிச் சொல்ல முடியவில்லை.

காலக்கணிப்பு முறைகளையும் அவை எதை அளக்கின்றன என்பதையும் பிரித்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும்.

கார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள்வரை மட்டுமே எட்டும்; அதற்கும் எலும்பில் கொலாஜன் எஞ்சியிருக்க வேண்டும். நம் வெப்பநிலத்தில் அது விரைந்து சிதைகிறது. யுரேனியம் சிதைவதைக் கொண்டு வயதைக் கணக்கிடும் யுரேனிய முறை எலும்பில் தடுமாறுகிறது: புதைந்தபின் நிலத்தடி நீரிலிருந்து எலும்பு யுரேனியத்தை உறிஞ்சுவதும் இழப்பதும் நிகழ்வதால் கணக்கு தவறும். புதைந்திருந்த காலத்தில் பற்சிப்பியில் கதிரியக்கத்தால் சேர்ந்த விளைவை அளக்கும் மின்தற்சுழல் ஒத்ததிர்வு முறை கூடுதல் பயன் தருகிறது. ஆயினும் அதற்குப் பல் புதைந்திருந்த மண்ணின் கதிரியக்க அளவு தெரிய வேண்டும், அதாவது மண்ணும் சேர்ந்து கிடைக்க வேண்டும். ஒளித்தூண்டல் முறை மணல்துகள் கடைசியாக எப்போது சூரிய ஒளியைக் கண்டது என்பதை அளக்கிறது. அது படிவின் வயது, எலும்பின் வயது ஆகாது. நர்மதை, சோன் பள்ளத்தாக்குகளில் சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் அடுக்காகக் காணப்படுகிறது. கலைக்கப்படாத சாம்பல் அடுக்குக்குக் கீழே, இருந்த இடத்திலேயே கிடைத்த எலும்பு அதைவிடப் பழையது என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த எலும்பு ஆற்றில் விழுந்து பத்தடி நகர்ந்துவிட்டால் அந்த உறுதியும் போய்விடுகிறது.

மறுபடிவு ஐயம் இருக்கும் இடத்தில் ஃபுளோரின் சோதனை உதவும். புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினை மெல்லச் சேர்க்கிறது. ஒரே இடத்தில் ஒரே காலமாகக் கிடந்தவற்றில் அளவு நெருங்கியிருக்கும். ஆண்டுக்கணக்கைத் தராவிட்டாலும் ‘இந்த இரண்டும் சேர்ந்து புதைந்தவை அல்ல’ என்று சொல்லும். மனித மண்டையோட்டையும் மனிதக்குரங்கின் தாடையையும் சேர்த்துத் தொன்மனிதன் என்று காட்டிய இங்கிலாந்தின் பில்ட்டவுன் மோசடி 1953இல் அம்பலமாக இந்த முறையே வழிவகுத்தது.

இலங்கையின் இரத்தினபுரியிலும் இதே நிலை. அங்கே மாணிக்கக் குழிகளில் சேற்றுக்கும் களிமண்ணுக்கும் அடியில் உள்ள இல்லம என்னும் ஆற்றுச் சரளையிலிருந்து, 1930கள் முதல் இலங்கைத் தொல்லுயிரியலாளர் பி.இ.பி. தெரணியகல நீர்யானை, காண்டாமிருகம், யானை முதலியவற்றின் பற்களையும் எலும்புகளையும் விவரித்தார். இன்று தீவில் இல்லாத விலங்குகள் அங்கே வாழ்ந்தன என்பதற்கு அவை அசைக்கமுடியாத சான்று. ஆனால் மணிக்கல்லைத் தேடித் தோண்டும் குழியில் சரளை மொத்தமாக மேலேற்றப்பட்டுக் கழுவப்படுகிறது. எலும்பு எந்த ஆழத்தில், எதன் அருகில் இருந்தது என்பது கழுவும்போதே மறைந்துவிடுகிறது.

கண்டெடுப்பவர் கையில் இருப்பது என்ன?

தமிழகத்தில் கொற்றலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகள்வரை பழைமையான கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றோடு கிடைத்த விலங்கு எச்சங்களோ மிகச் சில பற்கள் மட்டுமே. இரும்புச்சத்து மிக்க செம்மண்ணும் அமிலத்தன்மை கொண்ட நீரும் எலும்பைத் தங்கவிடுவதில்லை. ஆகவே நம் ஆறுகளில் உண்மையான புதைபடிவப் பல் ஒன்று கிடைத்தால், நர்மதையில் கிடைக்கும் நூற்றில் ஒன்றைவிட அதற்கு மதிப்புக் கூடுதல். கண்டெடுப்பவர் செய்யக்கூடியவை:

1. கரைச்சுவரில் புதைந்திருந்தால் பிடுங்காமல் விடுங்கள். அளவுகோலாக ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்து, எலும்பையும் சுற்றியுள்ள மண் அடுக்குகளையும் தனித்தனியே படமெடுங்கள். கைப்பேசியில் இடக்குறியீட்டைப் பதியுங்கள்.

2. வெள்ளம் அடித்துச் செல்லும் நிலையில் இருந்தால் மட்டும், ஒட்டியுள்ள மண்ணோடு எடுங்கள். கழுவவோ, பிரஷ் போட்டுத் தேய்க்கவோ, வார்னிஷ் பூசவோ கூடாது. ஈரமான எலும்பை வெயிலில் வைத்தால் வெடித்துச் சிதறும். நிழலில் மெல்ல உலரவிட வேண்டும்.

3. பல்லானால் மேற்பரப்பு, கன்னப்பக்கம், நாக்குப்பக்கம் என மூன்று கோணங்களில் படம் தேவை. பக்கவாட்டுப் படம் ஒன்றை மட்டும் வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது.

4. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, மாநிலத் தொல்லியல் துறைக்கோ, புவியியல் துறை உள்ள பல்கலைக்கழகத்துக்கோ தெரிவியுங்கள். மனித எலும்பு என்ற ஐயம் எழுந்தால் காவல் நிலையத்துக்கு முதலில் சொல்ல வேண்டும். அண்மையில் இறந்த யானையின் எலும்போ தந்தமோ என்றால் வனத்துறைக்குத் தெரிவிக்காமல் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம்.

புதைபடிவத்துக்கென்று தனியே பார்த்தால் சட்டத்தின் கை தளர்ந்தே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் மனிதர் படைத்த பொருள்களை மையமாகக் கொண்டது. விலங்கெலும்பு அதற்குள் எளிதாக அடங்குவதில்லை. புவிமரபுச் சின்னங்களையும் எச்சங்களையும் காப்பதற்கான வரைவு மசோதா ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022இல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அத்தகைய சட்டம் எலும்பு என்ற பொருளை மட்டும் காத்தால் போதாது. அது புதைந்திருக்கும் சரளை அடுக்கையும் காக்க வேண்டும். ஆற்றுப்படுகையில் இயந்திரம் வைத்து மணலும் சரளையும் அள்ளப்படும் ஒவ்வொரு இடத்திலும், எலும்பு அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தாலும், அதன் காலத்தைச் சொல்லும் மண் லாரியில் ஏறிக் கட்டடங்களுக்குள் போய்விடுகிறது. குவாரி உரிமம் தரும் முன் படுகையையும் கரைச்சுவரையும் ஒரு புவியியலாளர் நடந்து பார்க்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது செலவு மிகுந்த காரியம் அன்று.